பெயிண்ட் பிரமாதம், எர்த்தைத்தான் காணோம்

பெயிண்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணம் பக்கம், பெங்களூரா மாங்காய் ஏற்றி வந்த குட்டி யானை ஒன்று என் காரைப் பின்னாலிருந்து இடித்துவிட்டது. டிக்கி கதவு, பம்பர், இடது பக்கத் தகரம் எல்லாம் நசுங்கின. கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறையில் டிங்கரிங்குக்கு விட்டேன். இன்றைக்கு வெயிலில் நிறுத்திப் பார்த்தாலும் புது பெயிண்ட் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கலர் கலந்தவர் கைக்கு வளையல் போடலாம். வயரிங்கைத் திரும்ப மாட்டியவரைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல். மைலேஜ், ஏசி, இடவசதி எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. வாங்கியதிலிருந்து ஆயில், டயர், பேட்டரி தவிரப் பெரிய செலவு வைத்ததில்லை. இடிபடும்வரை ரோட்டில் நிற்க வைத்ததும் இல்லை.

பட்டறையிலிருந்து வந்த பிறகு டவுனுக்குள் நன்றாகவே ஓடியது. சேலம் போய்த் திரும்பும்போதுதான் வேலையைக் காட்டியது. தொப்பூர் கணவாயில் ஏறும்போது லாரியை முந்தலாம் என்று மிதித்தால் இழுவை இல்லை. ஏசியை அணைத்தும் திணறல்தான். பின்னால் வருகிறவன் ஹாரனை விடவே மாட்டேன் என்கிறான். மேலே ஏறி தர்மபுரிப் பக்கம் சமதளம் வந்ததும் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடுகிறது. அப்புறம் சில நாள் காலையில் செல்ஃப் அடிக்கும், ஸ்டார்ட் ஆகாது. சாவியைத் திருப்பியதும் பின் சீட்டுக்கு அடியில் 2 விநாடி 'உய்ங்' என்று கேட்க வேண்டிய பெட்ரோல் பம்ப் சத்தம் ஈனஸ்வரத்தில் கேட்கும்.

வேறொரு மெக்கானிக் ஸ்கேனர் போட்டார். எரர் கோடு ஒன்றும் இல்லை. ஃபியூஸ் பார்த்தார், பம்புக்குக் கரண்ட் விடும் ரிலேயை ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்த்தார். அதுவரை சரி. பிறகு பம்புக்கு வயர் மாட்டும் கப்ளரைக் கழற்றி அதில் மீட்டரை வைத்தார்; 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த்துக்கு, அதாவது கரண்ட் பாடித் தகரம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழிக்கு, மீட்டரின் பீப் சோதனை வைத்தார், பீப் அடித்தது. "கரண்ட் வருது, எர்த் இருக்கு. பம்ப்தான் வீக் அண்ணா, மாத்திடலாம்." மாற்றியாயிற்று. பணமும் போயிற்று. அடுத்த வாரமே தொப்பூரில் அதே திணறல்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் இங்கேதான். கப்ளரைக் கழற்றிவிட்டால் அந்த வயரில் கரண்ட்டே ஓடாது. மீட்டர் இழுக்கும் துளி கரண்ட்டுக்குக் கெட்ட எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும். பீப்பும் அப்படித்தான், சில ஓம் தடை இருந்தாலும் சந்தோஷமாக அடிக்கும். தொழுவத்தில் கட்டிக் கிடக்கும் மாட்டைப் பார்த்து ஏர் நன்றாக இழுக்கும் என்று சொல்வது மாதிரி. பம்ப் 5 ஆம்பியர் இழுக்கும்போது அந்த வயர் தாங்குகிறதா என்பதல்லவா கேள்வி?

பதில் தர்மபுரியில் ஒரு பெரியவரிடம் கிடைத்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியன். முதலில் பானெட்டைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, "பிரேக்க மிதிங்க சார்" என்றார். மிதித்தேன். "பெட்ரோல் முள்ளப் பாருங்க." பாதி டேங்கில் நின்ற முள் மெதுவாக நகர்ந்தது. காலை எடுத்தால் பழைய இடத்துக்கே வந்தது. இன்னொரு தடவையும் செய்து காட்டினார். பிரேக் விளக்குக்கும் பெட்ரோல் முள்ளுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் பம்புக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே எர்த் போல்ட். அது சரியாகப் பிடிக்கவில்லை என்றால் ஒன்றின் கரண்ட் மற்றதன் கணக்கைக் கெடுக்கும்.

சந்தேகத்துக்குக் கப்ளரைக் கழற்றாமலே, அதன் முதுகுப் பக்கமாக ஒரு மெல்லிய ஊசியை எர்த் வயரில் இறக்கி, மீட்டரின் இன்னொரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தார். பம்ப் ஓடும்போது கால் வோல்ட்கூட இருக்கக் கூடாத இடம் அது. 4 வோல்ட் காட்டியது. அந்த 4 எர்த்திலேயே வீண்; ஆல்டர்னேட்டர் 14 கொடுத்தாலும் பம்புக்குப் போய்ச் சேருவது 10 தான். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினுக்கு அது போதும். ஏற்றத்தில் மிதிக்கும்போது பிரஷர் பத்தாது. பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்துப் பம்பை ஓட்டிப் பார்க்கலாமே என்றேன். "டேங்க் பக்கத்துல பொறி கிளப்பாதீங்க" என்று அதட்டினார்.

இடது பக்க டிரிம்மைப் பிரித்தோம். டெயில் லேம்ப்புக்குப் பின்னால் அந்த போல்ட் இருந்தது. அதன் அடியில் தகரம் முழுக்க பிரைமர், அதன் மேல் பெயிண்ட், வெளியில் இருக்கிற அதே பளபளப்பு. எர்த் வளையத்தை அதன் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரை வழியாகத்தான் ஏதோ கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. எமரி தாளால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கி, துருப் பிடிக்காமல் மேலே கிரீஸ் பூசினார். மீட்டர் 0.1க்கு இறங்கியது. கூலியாகக் கேட்டது ஒரு ஃபுல் மீல்ஸ் காசுகூட இல்லை. நான்தான் சேர்த்துக் கொடுத்தேன். அதன் பிறகு தொப்பூரில் ஏசியோடு ஏறுகிறது.

பட்டறையில் போய்ச் சொன்னேன். "பெயிண்ட்ல கம்ப்ளைன்ட் இல்லைல்ல சார்?" என்றார்கள். இல்லைதான்.

இதே மாடல் ஓசூரில் செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று பங்காளி ஒருவன் கேட்கிறான். இன்ஜின் தங்கம், பராமரிப்புச் செலவு இல்லை, இந்த விலைக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது. ஆனாலும் வாங்காதே என்றுதான் சொல்லியிருக்கிறேன். பம்ப், விளக்கு, முள் மூன்றையும் ஒரே போல்ட்டில் தொங்கவிட்ட வண்டியை இன்னொருவன் தலையில் கட்ட எனக்கு மனசில்லை. மீறி வாங்குவதாக இருந்தால், டிக்கி கதவு ஓரத்தில் நசுங்கலை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, பிரேக்கை மிதித்து முள்ளைப் பார்க்கட்டும். "அப்ப உன் வண்டியக் குடு" என்கிறான். அதெல்லாம் தர மாட்டேன்.