காப்பர்பெல்ட்டில் சைரனும் வாக்கி டாக்கியும்: பல மழைக்காலம் பயன்படுத்திய அனுபவம்

ஜாம்பியாவின் காப்பர்பெல்ட் என்ற தாமிரச் சுரங்கப் பகுதியில், கிட்வே நகரப் பக்கம், சுரங்கங்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களுக்குமான எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். கருவி விற்க வருகிறவர்கள் திரையில் காட்டும்போது எல்லாமே அருமையாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் தாண்டியும் எது வேலை செய்கிறது என்பதை இங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். எந்தக் கருவியை நம்பலாம் என்று இந்தப் பக்கம் வேலைக்கு வரும் நம் ஆட்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் சைரன். தாமிரத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சேற்றைத் தேக்கி வைக்கும் அணைகள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு, டெய்லிங்ஸ் அணை என்பார்கள். அது உடைந்தால் கீழே இருக்கிறவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பிரேசிலில் புருமாடின்யோ அணை 2019 ஜனவரி 25 அன்று உடைந்து 270 பேர் இறந்தார்கள், அங்கே சைரன் இருந்தும் அது ஒலிக்கவே இல்லை. அதனால் எனக்கு இந்தக் கருவிமேல்தான் எப்போதும் கண். எங்களிடம் இருப்பவை கம்பத்தின் உச்சியில் சோலார் தகடு, கீழே பேட்டரிப் பெட்டி என்ற அமைப்பு. ஒலிபெருக்கியில் குறையே சொல்ல முடியாது. பேட்டரிதான் தொல்லை. 2024 வறட்சியில் கரீபா அணையில் தண்ணீர் வற்றி, நாடு முழுக்க ஒரு நாளில் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமல் போனதே, அப்போது பேட்டரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எடுத்தவர்களை நான் திட்ட மாட்டேன். வீடு இருட்டாகக் கிடக்கும்போது எதிரே ஒரு கம்பத்தில் பேட்டரி சும்மா நின்றால் யாருக்கும் அந்த எண்ணம் வரும். பெட்டியை வெல்டிங் செய்து பார்த்தோம், அறுத்து எடுத்தார்கள். அப்புறம் கம்பத்தடியில் போன் சார்ஜ் செய்ய ஒரு பெட்டி வைத்து, அதன் சாவியைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தோம். அந்தக் கம்பத்தில் அதற்குப் பிறகு திருட்டு இல்லை. இதுவரை நாங்கள் செய்ததிலேயே செலவு குறைந்த, பலன் அதிகமான காரியம் இதுதான்.

அதே 2024-ல் குறுஞ்செய்தி எச்சரிக்கையின் லட்சணமும் தெரிந்துபோனது. மின்சாரம் இல்லாத நேரம் நீண்டால் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிடும், கோபுரம் படுத்தால் செய்தி எங்கே போகும்? சோதனைக்காக அனுப்பிய செய்தி சில வீடுகளுக்கு மறுநாள் காலையில் வந்தது. குறுஞ்செய்தி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு ஊரைத் தூங்க வைக்கக் கூடாது. சைரனுக்குப் பிறகு இந்தப் பக்கத்து ஜனங்கள் பேசும் பெம்பா மொழியில் பதிவு செய்த குரல், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லும் குரல், அதுதான் உண்மையில் ஆட்களை நகர்த்துகிறது. வெறும் ஊளைச் சத்தத்துக்கு ஒத்திகையின்போது ஜனங்கள் வெளியே வந்து நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள்.

வாக்கி டாக்கிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். டிஜிட்டல் வகை, மழை, விழுவது, மிதிபடுவது எல்லாவற்றையும் தாங்கியிருக்கிறது. சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டு வருவதில் பாதிக்குமேல் பழுதே கிடையாது. இங்குள்ள செம்மண் தூசி பேட்டரியின் செப்பு முனைகளில் படிந்து மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் நான்கு தேய் தேய்த்தால் விளக்கு எரியும். குறை கருவியில் இல்லை, அலைவரிசையில். சுரங்க மீட்புக் குழுவுக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று. ஒத்திகையில் மூன்று தரப்பும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஒருவரோடொருவர் பேச முடியாமல் ஆள் அனுப்பித் தகவல் சொன்னார்கள். ஒரு பொது அலைவரிசை ஒதுக்கப் பணம்கூடப் பெரிதாகத் தேவையில்லை, கையெழுத்துதான் தேவை. அதற்கு இன்னும் அலைகிறோம்.

அணைச் சுவருக்குள் நீரழுத்தம் பார்க்கும் பீசோமீட்டர் அற்புதமான கருவி. உள்ளே ஒரு மெல்லிய எஃகுக் கம்பி அதிரும், அழுத்தம் மாறினால் அதிர்வெண் மாறும், அவ்வளவுதான் தத்துவம். ஆனால் நவம்பரில் இடி தொடங்கியதும் கேபிள் வழியே மின்னல் பாய்ந்து ஒரு வரிசையே செத்துவிடும். மின்னல் தடுப்பைத் தனிச் செலவு என்று வெட்டிவிடுகிற மேலாளர்களோடு ஒவ்வொரு வருடமும் சண்டைதான். கருவி இறந்துபோன இடத்தில் திரையில் பழைய எண் அப்படியே நின்றுகொண்டிருக்கும், பார்க்கிறவர் எல்லாம் சரி என்று நினைப்பார். எனக்கு மிகவும் பயம் தருவது இந்த நின்றுபோன எண்தான்.

2025 பிப்ரவரி 18 அன்று சம்பிஷி பக்கம் ஒரு தாமிர ஆலையின் டெய்லிங்ஸ் அணை உடைந்து, சுமார் 5 கோடி லிட்டர் அமிலக் கழிவு ம்வாம்பாஷி ஓடை வழியாகக் கஃபூயே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன, கிட்வேயின் குடிநீரை நிறுத்தினார்கள், ஆற்றில் விமானத்திலிருந்து சுண்ணாம்பு கொட்டினார்கள். ஜாம்பியாவில் பாதிக்குமேல் மக்கள் இந்த ஆற்றுப் படுகையில்தான் வாழ்கிறார்கள். நீரின் அமிலத்தன்மையைத் தொடர்ந்து அளந்து அனுப்பும் சென்சாரை ஓடைகளில் வைக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு என் பிடிவாதம். விலையும் கட்டுப்படியாகும். ஆனால் மின்முனையை அடிக்கடி துடைத்து அளவு சரிபார்க்காவிட்டால் பாசி பிடித்துப் பொய் சொல்லும், அதனால் சென்சாரோடு ஒரு ஆளுக்கும் சம்பளம் போட வேண்டும்.

சரிவு ரேடார் பெரிய சுரங்கங்களுக்கு. குழியின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்தாலே காட்டிவிடும். அமெரிக்காவில் பிங்கம் கேன்யனில் 2013 ஏப்ரலில் மலையே சரிந்தது, முன்கூட்டித் தெரிந்ததால் ஒருவருக்கும் காயமில்லை. இங்கே 2018-ல் கிட்வேயின் கருப்பு மலை எனப்படும் கசடுக் குவியல் சரிந்து 10 பேர் இறந்தார்கள், 2023 டிசம்பர் வாக்கில் சிங்கோலாவில் மழையில் மண் சரிந்து தாமிரம் தோண்டிய பலர் புதைந்தார்கள். ஜெராபோ என்று அழைக்கப்படும் இந்தச் சிறு தோண்டிகளை எந்த ரேடாரும் பார்ப்பதில்லை. வேலிக்கு உள்ளே இருப்பவனுக்கு ஒரு பாதுகாப்பு, வெளியே அதே மண்ணைத் தோண்டுகிறவனுக்கு ஒன்றுமில்லை என்பது என்னால் ஏற்க முடியாத விஷயம். ஒரு மழைமானியும், இத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது என்று அடிக்கும் ஒரு மணியும் வைத்தாலே பல உயிர் மிஞ்சும்.

கேமராக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலைநகர் லுசாகாவில் சீனக் கடனில் நிறைய வைத்திருக்கிறார்கள், நகரக் குற்றங்களுக்கு உதவலாம். எங்கள் பக்கம் வைத்தவற்றில் பல, தூசி படிந்தும் மின்சாரம் இல்லாமலும் சும்மா நிற்கின்றன. அந்தப் பணத்தில் பாதியை எனக்குக் கொடுத்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளும், மின்னல் தடுப்பும், ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு சார்ஜ் பெட்டியும் வாங்குவேன். அக்டோபருக்குள் வந்து சேர்ந்தால்தான் பலன், மழை தொடங்கிவிட்டால் இந்தப் பக்கத்துச் சாலைகளில் லாரி போகாது.