கிளிசரின் ட்யூப் செட்: குண்டுங்க சூப்பர், மேனுவல் சொதப்பல்

ஸ்டோக்ஸ் விதி (கெட்டியான திரவத்துல குண்டு விழுற வேகத்தை வெச்சு அந்த திரவத்தோட பாகுத்தன்மைய, அதாவது எவ்ளோ கெட்டியா இருக்குன்றத, கணக்கு போடுறது) செஞ்சு பாக்குற இந்த லேப் செட்டை தாராளமா வாங்கலாம், ஆனா கூட வர்ற மேனுவலை மட்டும் அப்படியே நம்பிடாதீங்க. 4 செ.மீ அகல அக்ரிலிக் ட்யூப், கிளிசரின், 2 மி.மீ, 4 மி.மீ எஃகு குண்டுங்க, மெல்லிசா சில கம்பித் துண்டு, அவ்ளோதான் உள்ள இருக்கு.

சின்ன குண்டை போட்டா செகண்டுக்கு 1 செ.மீ கூட தாண்டாம நிதானமா இறங்குது, ஏன்னா 20 டிகிரியில கிளிசரினோட பாகுத்தன்மை தண்ணிய விட ஏறக்குறைய 1400 மடங்கு, ரெனால்ட்ஸ் எண் (பாகுத்தன்மையோட தடுப்புக்கு எதிரா ஓட்டத்தோட வேகம் எவ்ளோ ஓங்கியிருக்குன்னு சொல்ற எண்) 0.02க்கும் கம்மி, அதனால பின்னாடி சுழல்னு ஒண்ணே கிடையாது. இதுல என்னை அசத்துனது ரெண்டு குண்டை பக்கத்து பக்கத்துல விடுறதுதான். தனியா விழுறத விட ஜோடியா வேகமா விழும், ஒட்டவும் செய்யாது, விலகவும் செய்யாது, விட்ட இடைவெளி மாறாம அப்படியே கீழ போகும்! ஒரு குண்டு இழுத்துட்டு போற திரவம் பக்கத்துல இருக்கறதையும் சேத்து இழுக்குது, கெட்டியான திரவத்துல இந்த இழுவை ரொம்ப தூரம் வரைக்கும் எட்டும். கம்பிய சாய்ச்சு விட்டீங்கன்னா நிமிரவும் நிமிராது, படுக்கவும் படுக்காது, அதே சாய்வோட பக்கவாட்டுல நகந்துகிட்டே இறங்கும், சுவர் கிட்ட போற வரைக்கும் பாத்துட்டே இருக்கலாம்.

இப்ப மேனுவல் கதை. அதுல இருக்கற ஃபார்முலா ஸ்டோக்ஸ் 1851ல குடுத்தது, சுத்தி சுவரே இல்லாத திரவத்துக்கானது, இந்த ட்யூப்ல சுவர் இருக்கே, அது குண்டை மெதுவாக்கிடும்! அப்படியே போட்டா சின்ன குண்டுக்கு பாகுத்தன்மை 1.57 பாஸ்கல் செகண்ட் கிட்ட வரும், பெரிய குண்டுக்கு 1.78 கிட்ட வரும், உண்மையான மதிப்பு சுமார் 1.41 தான். ஒரே கிளிசரின், குண்டை மாத்துனா பாகுத்தன்மை மாறுமா? பாவம், இதைப் பாக்குற பசங்க தான் தப்பா டைம் எடுத்துட்டோம்னு நினைச்சுப்பாங்க. ட்யூப் விட்டத்துல குண்டு விட்டம் பத்துல ஒரு பங்கு இருந்தாலே வேகம் 21 சதவீதம் குறைஞ்சிடும், இந்த சுவர் பாதிப்பை சரி பண்ண ஃபாக்ஸென் திருத்தம்னு ஒண்ணு இருக்கு, அளந்த வேகத்தை (1 − 2.1 × குண்டு விட்டம் ÷ ட்யூப் விட்டம்) ஆல வகுத்துட்டு கணக்கு போட்டா ரெண்டு குண்டுக்கும் விடை கிட்டத்தட்ட ஒண்ணா வந்துடும். இந்த ஒரு வரிய அவங்க மேனுவல்ல போட்டிருக்கணும்.

தெர்மாமீட்டர் வேற இல்ல, 30 டிகிரிக்கு போனா பாகுத்தன்மை பாதிக்கும் கீழ வந்துடும், அதனால தனியா ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. மூடியும் லூஸ், கிளிசரின் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சி நாளாக நாளாக தண்ணியாகும், வேலை முடிஞ்சதும் டேப் சுத்தி வைங்க. அடுத்த மாடல்ல ட்யூபை 10 செ.மீ அகலமா குடுத்தாங்கன்னா சின்ன குண்டுக்கு சுவர் பாதிப்பு 4 சதவீதம் தான் வரும், கம்பி நகர்றத பாக்கவும் நல்லா இடம் கிடைக்கும்.