கல்லூரி ட்ரோன் போட்டியை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்க இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பொறியியல் கல்லூரிகளில் சிம்போசியப் பருவம் தொடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். மாணவர்களுக்கான ட்ரோன் போட்டியை முழுப் பொறுப்பேற்று நடத்தித் தருவதாகச் சொல்லி, எங்களிடம் முன்பணத்தையும் அணிகளிடம் பதிவுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, செல்லாத காகிதங்களையும் பயன்படுத்தவே கூடாத பொருள்களையும் கொடுத்துவிட்டுப் போன ஒரு நிறுவனத்தைப் பற்றியது இந்தப் பதிவு. புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு வருகிறவர்கள் என்று தெரியவந்திருப்பதால், பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் மற்றக் கல்லூரிகளுக்குப் பயன்படும்.

எங்கள் கல்லூரி கோயம்புத்தூரில் அவிநாசி சாலையை ஒட்டி இருக்கிறது. தடைகளைக் கடந்து பறத்தல், குறித்த இடத்தில் சுமையை இறக்குதல், மனிதக் கட்டுப்பாடின்றித் தானாகத் தரையிறங்குதல் என்ற மூன்று பிரிவுகளில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றை நடத்தத் திட்டமிட்டோம். மாணவர் மன்றம் இதற்கு முன் நடத்தியவையெல்லாம் சிறிய அளவிலானவை என்பதால், இம்முறை அனுபவமுள்ள வெளியாரை அமர்த்தலாம் என்று தாளாளர் அலுவலகம் முடிவு செய்தது. அந்த நிறுவனத்தின் சார்பில் வந்தவர் நேர்த்தியாகப் பேசினார். "சார், நீங்க எதுக்குமே அலைய வேண்டாம், டி.ஜி.சி.ஏ. பர்மிஷன்லேர்ந்து ட்ராஃபி வரைக்கும் எங்க பொறுப்பு" என்றார். (டி.ஜி.சி.ஏ. என்பது மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம்.) கொட்டேஷனில் பாதுகாப்பு வலைக் கூண்டு, பேட்டரிகள், பறக்கும் ட்ரோனின் தகவல்களை வானொலி வழியே தரைக்கு அனுப்பும் தொலையளவுக் கருவிகள், காப்பீடு, நடுவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொகை போடப்பட்டிருந்தது. அவற்றுள் பெரிய தொகைகளில் ஒன்று "வான்வெளி அனுமதிக் கட்டணம்". இந்த வரியை எந்தக் கொட்டேஷனில் பார்த்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி விளக்கம் கேளுங்கள்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சை மண்டலத்தில் 120 மீட்டர், அதாவது 400 அடி உயரம் வரை பறக்க வான்வெளி அனுமதியே தேவையில்லை. விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் இந்த உயரம் 60 மீட்டராகக் குறைகிறது; 5 முதல் 8 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம் தொடங்குகிறது, அங்கே வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும்; சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவே முடியாது. இந்த வரைபடம் ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் யாரும் பார்க்கும்படி இலவசமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மைதானம் பச்சையில் இருந்தால், வாங்குவதற்கு அனுமதி என்று ஒன்றும் இல்லை; மஞ்சளிலோ சிவப்பிலோ இருந்தால், நிகழ்ச்சி நடத்தும் நிறுவனம் பணம் கட்டி வாங்கிவரும் சமாச்சாரமாக அது இருக்காது. இரண்டு நிலையிலும் அந்தக் கட்டணத்துக்கு வேலை இல்லை.

கோவையில் இது வெறும் ஏட்டுக் கேள்வியும் அல்ல. ஒருபுறம் பீளமேட்டில் பயணிகள் விமான நிலையம், மறுபுறம் சூலூரில் விமானப்படைத் தளம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கல்லூரி மைதானங்களில் ட்ரோனை எழுப்புவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். "உங்க கேம்பஸ் க்ரீன் ஸோன்தான்" என்று சொல்லி அவர்கள் கொடுத்த கோப்பில் பச்சை நிறத்தில் ஒரு வரைபடம் அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தது. எங்கள் வானூர்திப் பொறியியல் துறையின் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, படத்தின் கீழ் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்த ஊர்ப்பெயரைச் சுட்டிக்காட்டினார். கிணத்துக்கடவு. பொள்ளாச்சிச் சாலையில் இருக்கும் ஊரின் வரைபடத்தை அவிநாசி சாலைக் கல்லூரிக்கு ஆதாரமாக வைத்திருந்தார்கள். அந்த மாணவி தம் கைப்பேசியிலேயே எங்கள் மைதானத்தைத் தேடிக் காட்டியபோது அது மஞ்சளில் இருந்தது. "அனுமதி" என்று கொடுத்த மற்றொரு காகிதம், உள்ளூர்க் காவல் ஆய்வாளருக்கு நிறுவனமே தன் கடிதத்தாளில் எழுதிய வேண்டுகோள். அது காவல் நிலையத்தில் பெறப்பட்டதற்கான முத்திரையோ கையெழுத்தோ அதில் இல்லை.

இதைக் கேட்டபோது அவர்கள் கூறிய பதில்தான் மற்றக் கல்லூரிகளையும் ஏமாற்றக்கூடியது. கல்வி நிறுவனங்களுக்கு ட்ரோன் விதிகளிலிருந்து முழு விலக்கு உண்டு என்றார்கள். ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணிக்காகப் பறக்கவிடும் கல்வி நிறுவனங்களுக்கு வகைச்சான்று (அந்த ட்ரோன் மாதிரிக்கான தரச்சான்று), பதிவு எண், இயக்குபவர் சான்று ஆகியவற்றிலிருந்து விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அந்த விலக்கு பச்சை மண்டலத்துக்குள், தன் வளாகத்திலோ தன் கட்டுப்பாட்டில் இருக்கும் திறந்தவெளியிலோ பறப்பதற்கு மட்டுமே. பல கல்லூரிகளிலிருந்து வரும் அணிகள் பரிசுக்காகப் போட்டியிடுவதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாமா என்ற கேள்விக்குப் போகும் முன்பே, மண்டலத்தின் நிறத்திலேயே அந்த வாதம் விழுந்துவிடுகிறது. அரை உண்மையை முழு உறுதியோடு சொல்லும் பழக்கம் இவர்களுக்கு இருக்கிறது. கேட்பவர் விதியின் அடுத்த வரியைப் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கைதான் அதற்கு முதலீடு.

அவர்கள் தந்த போட்டி விதிமுறை ஏட்டையும் பிறகு உட்கார்ந்து படித்தோம். அமெரிக்கப் போட்டி ஒன்றின் ஏட்டை அப்படியே எடுத்து, முதல் பக்கத்தில் எங்கள் கல்லூரி இலச்சினையைப் பதித்திருந்தார்கள் என்பது சில பக்கங்களிலேயே புரிந்தது. 0.55 பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள ஒவ்வொரு ட்ரோனும் எஃப்.ஏ.ஏ. பதிவு எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி இருந்தது. கோவில்பட்டியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வரும் மாணவர்கள் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் பதிவு செய்துகொண்டு வர வேண்டுமாம். அந்த 0.55 பவுண்டு என்பது 250 கிராம்; நம் விதிகளிலும் அதுவரை எடையுள்ளவை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறிய வகை என்று தெளிவாகவே பிரிக்கப்பட்டிருக்கின்றன. அதை எடுத்து எழுதுவதற்குக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை.

காப்பீட்டு ஆவணம் உண்மையானதுதான், ஆனால் வேறொன்றுக்கானது. மேடை சரிதல், மின்கசிவு, கூட்ட நெரிசல் போன்றவற்றுக்கான பொது நிகழ்ச்சிக் காப்பீடு அது; விலக்குகள் பகுதியில் வானூர்திகளாலும் பறக்கும் கருவிகளாலும் ஏற்படும் இழப்பு சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது. நானோ வகையைத் தவிர மற்ற ட்ரோன்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு விதிகளின்படி கட்டாயம். ட்ரோன் போட்டிக்கென்று விற்கப்பட்ட காப்பீட்டில் ட்ரோனைத் தவிர மற்றெல்லாம் இருந்தது.

போட்டிக்கு முந்திய நாள் மாலையில்தான் பொருள்கள் வந்து இறங்கின. இதுவும் தற்செயல் அல்ல என்று இப்போது நினைக்கிறேன். திருப்பி அனுப்ப நேரமில்லாதபடி கொண்டுவந்தால், இருப்பதை வைத்து ஒப்பேற்றிக்கொள்வார்கள் என்ற கணக்கு. வலைக் கூண்டு என்று வந்தது கிரிக்கெட் பயிற்சி வலை. சவுக்குக் கம்பங்களை நட்டு அதைச் சுற்றிக் கட்டினார்கள். மேலே கூரை வலை இல்லை. கீழே முழங்கால் உயரத்துக்கு வலை தரையைத் தொடாமல் தொங்கியது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் ஐந்து அங்குலப் புரொப்பெல்லர் உடைந்தால் அதன் துண்டு அந்தக் கண்ணிகளின் வழியே தாராளமாக வெளியே வரும். வலைக்கு அப்பால் ஓரடி தூரத்தில் பார்வையாளர்களுக்கான நாற்காலிகள் போடப்பட்டிருந்தன.

பேட்டரிகளின் நிலை இன்னும் மோசம். மூன்று செல் கொண்ட 2200 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் பாலிமர் பேட்டரிகள் புதியவை என்று கணக்கெழுதியிருந்தார்கள். கையில் எடுத்ததும் சில வயிறு உப்பியிருப்பது தெரிந்தது. இந்த வகைச் செல் முழுதாக மின்னேறும்போது 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும், எடுத்து வைத்திருக்கும்போது ஏறத்தாழ 3.8 வோல்ட்டில் இருக்க வேண்டும், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை மீண்டும் மின்னேற்றுவதே ஆபத்து. எங்கள் ஆய்வக உதவியாளர் செல் சோதிப்பானைச் செருகிப் பார்த்தபோது, பல பேட்டரிகளில் இரண்டு செல்கள் ஒழுங்காகவும் மூன்றாவது செல் 3 வோல்ட்டுக்குக் கீழும் காட்டின. ஒன்றின் மேலுறையைப் பிளேடால் கீறினார். பளபளக்கும் நீல நிற உறைக்கு அடியில் மங்கிப்போன மற்றோர் உறையும், அதில் குறைந்த கொள்ளளவு அச்சிட்ட பழைய லேபிளும் இருந்தன. யாரோ பறக்கவிட்டுக் கழித்த பேட்டரிகளுக்குப் புதுச் சட்டை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மின்னேற்றும்போது ஒன்று தீப்பிடித்தாலே பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து எரிக்கும் பொருள் இது. அவ்வளவையும் மணல் வாளிகளில் புதைத்து வெளியே வைக்கச் சொன்னோம்.

தொலையளவுக் கருவிகள் 915 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அமெரிக்காவில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய அலைவரிசை அது; இந்தியாவில் அப்படியல்ல, கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்கிய பட்டையோடு மோதுகிறது. இங்கே 433 அல்லது 865 மெகாஹெர்ட்ஸ் வகையைத்தான் வாங்க வேண்டும். மேலும், 5.8 கிகாஹெர்ட்ஸில் காணொளி அனுப்பும் ட்ரோன்கள் பல வரும் போட்டியில் யாருக்கு எந்தச் சேனல் என்று ஒதுக்கி, முறை வராதவர்களின் ட்ரோன்களுக்கு மின்னிணைப்புக் கொடுக்கவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். காத்திருக்கும் ஒருவர் தம் கருவியை இயக்கிப் பார்த்தால் போதும், பறக்கவிட்டுக்கொண்டிருப்பவர் ட்ரோனின் காணொளியைப் பார்க்க அணிந்திருக்கும் கண்ணாடியில் படம் மறைந்துவிடும். அப்படி ஒரு பொறுப்பு இருப்பதையே நடுவர்களாக வந்திருந்தவர்கள் அறிந்திருக்கவில்லை.

அன்று இரவே கல்லூரி முதல்வர் வெளியரங்கப் போட்டியை ரத்து செய்தார். வந்துவிட்ட அணிகளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், இறகுப்பந்து உள்ளரங்கின் சன்னல்களை அடைத்து, கூடைப்பந்து வலைகளைக் குறுக்கே கட்டி, 250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோன்களுக்கு மட்டும் தடை ஓட்டத்தை நடத்தினோம். உள்ளரங்கப் போட்டி ஒன்றும் இரண்டாந்தரமானதல்ல. ஜப்பானில் வானூர்தி, விண்வெளி அறிவியல் சங்கம் மாணவர்களுக்கான பறக்கும் ரோபோ போட்டியைத் தோக்கியோவின் விளையாட்டரங்கு ஒன்றுக்குள்தான் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. எங்கள் மாணவர்களே முன்னின்று செய்ததால் அந்தப் பகுதி நன்றாகவே அமைந்தது. ஆனால் ஆறு மோட்டார் கொண்ட பெரிய ட்ரோனை மரப்பெட்டியில் அடைத்து இரவு ரயிலில் கொண்டுவந்திருந்த நாகர்கோவில் அணி, அதை மேசைமேல் வைத்து விளக்கிவிட்டுத்தான் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அந்த ட்ரோனின் சட்டகத்தை அவர்களே கார்பன் இழைக் குழாய்களை வெட்டிச் செய்திருந்தார்கள். சுமை இறக்கும் பிரிவில் அதை வெல்ல வேறு அணி இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

பணத்தின் கதைக்கு வருகிறேன். அணிகளின் பதிவுக் கட்டணம் நிறுவனம் கொடுத்த இணைப்பின் வழியே நேராக அவர்களுடைய கணக்குக்கே போயிற்று. ரத்தானதும் மாணவர்கள் கேட்டதற்கு "கல்லூரியிடம் கேளுங்கள்" என்றும், கல்லூரி கேட்டதற்கு "ஒப்பந்தப்படி திருப்பித் தர இயலாது" என்றும் பதில் வந்தது. அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. அணிகளுக்கு உரியதைக் கல்லூரி தன் நிதியிலிருந்து திருப்பித் தந்துவிட்டது. போட்டியின் பெயரில் பெறப்படும் தொகை கல்லூரிக் கணக்குக்கு வராத ஏற்பாட்டுக்கு எந்த ஒருங்கிணைப்பாளரும் இசையக் கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன். பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் கையிலேயே பணமும் போய்விட்டால், அந்தப் போட்டியை நிறுத்தும் அதிகாரம் நடைமுறையில் உங்களிடம் இருக்காது.

ரசீதை எங்கள் கணக்கு அலுவலர்தான் கூர்ந்து பார்த்தார். கோவை முகவரி போட்டிருந்த ரசீதில் ஜி.எஸ்.டி. எண் 29 என்று தொடங்கியது. அது கர்நாடகத்தின் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. கர்நாடகப் பதிவு என்றால் எங்களிடம் மாநிலங்களுக்கு இடையிலான ஒருங்கிணைந்த வரியாக ஐ.ஜி.எஸ்.டி. போட்டிருக்க வேண்டும், அவர்களோ மத்திய வரி 9 விழுக்காடு, மாநில வரி 9 விழுக்காடு என்று பிரித்து வசூலித்திருந்தார்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணை இட்டுப் பார்த்தபோது பதிவு ரத்து செய்யப்பட்டது என்று வந்தது. ஆக, அரசுக்குப் போகாத வரியையும் சேர்த்தே எங்களிடம் வாங்கியிருக்கிறார்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, முன்பணக் காசோலையில் கையெழுத்திடும் முன்பே செய்துவிடலாம்.

வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பினோம். அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. மாவட்டக் குற்றப்பிரிவில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்கீழ் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறோம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 420 என்று எல்லோரும் அறிந்திருந்த குற்றம்தான் இப்போது இந்தப் பிரிவில் இருக்கிறது. உறை கீறிய பேட்டரி, கிணத்துக்கடவு வரைபடம், விதிமுறை ஏடு, ரசீது எல்லாவற்றையும் படமெடுத்துப் புகாரோடு இணைத்திருக்கிறோம். இதே பாணியிலான கொட்டேஷன் பெற்று முன்பணம் கொடுத்துவிட்ட கல்லூரிகள் இருந்தால், தொகை சிறியது என்று விட்டுவிடாமல் தங்கள் மாவட்டத்திலும் புகார் பதிவு செய்ய வேண்டுகிறேன். ஒரு கல்லூரியின் புகாரை ஒப்பந்தத் தகராறு என்று சொல்லி உரிமையியல் நீதிமன்றத்துக்குத் தள்ளிவிட முடியும். ஒரே மாதிரியான புகார்கள் பல ஊர்களிலிருந்து வரும்போது அப்படித் தள்ளுவது கடினம் என்று எங்கள் வழக்கறிஞர் கூறுகிறார்.