தகயாமா பக்கம் போகிறவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை ஆறரைக்கே முடித்துவிடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பான் மலையூர்களில் சாப்பாட்டுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், கடை திறந்திருக்கும் நேரத்துக்கு ஒன்றுதான். ராத்திரி ஒரு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கினாலும் சூடாக நாலு இட்லியோ ஒரு பரோட்டாவோ கிடைத்துவிடும் என்று வளர்ந்த ஆட்கள் நாம். அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைவீதி காலி. ஏழரைக்கு மேல் போய் ஒரு கடைக்குள் தலையை நீட்டினால் இரண்டு கையையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்துக் காட்டுவார்கள். சிரித்த முகத்தோடுதான் காட்டுவார்கள், குனிந்து வணக்கம்கூட வைப்பார்கள், ஆனால் சாப்பாடு கிடையாது.

டோக்கியோ, கியோட்டோ பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இது கிஃபு மாகாணத்துத் தகயாமா, அதற்கு அந்தப் பக்கம் சிராகவாகோ, அப்புறம் கிசோ பள்ளத்தாக்கில் மகோமே, த்சுமாகோ, இவ்வளவுதான். நான், மனைவி, மச்சான், அத்தை என்று குடும்பமாகப் போனோம். அத்தை சுத்த சைவம். அந்த ஒரு காரணத்தாலேயே இந்த விமர்சனம் சில பேருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

மதுரையிலிருந்து ஜப்பானுக்கு நேர் விமானம் கிடையாது, கொழும்பு போய் அங்கிருந்து நரிதா போகலாம். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் புல்லட் ரயிலில் நகோயா, அங்கே 'ஹிடா' எக்ஸ்பிரஸ் மாறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் தகயாமா. பாதி வழிக்கு மேல் ஆற்றை ஒட்டியே போகும், ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள். எல்லாரும் சொல்வார்களே என்று ஏழு நாள் ஜே.ஆர். ரயில் பாஸ் வாங்க வேண்டாம். 2023 அக்டோபரில் அதை 50,000 யென்னாக ஏற்றிவிட்டார்கள். நகோயாவிலிருந்து தகயாமா டிக்கெட் ஆறாயிரம் யென் சொச்சம்தான். இந்த ஊர்களை மட்டும் சுற்றுகிறவருக்குத் தனித்தனி டிக்கெட்டே லாபம். ஒரு யென்னை நம்ம காசில் 60 பைசா என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

தகயாமா பரப்பளவில் ஜப்பானிலேயே பெரிய நகராட்சி, அதில் 90 சதவீதத்துக்கு மேல் காடு. ஆனால் நாம் சுற்றுகிற பகுதி கையடக்கம், ஸ்டேஷனிலிருந்து நடந்தே பழைய தெருவுக்குப் போய்விடலாம். அந்தத் தெருவில் மரவீடுகள் வரிசையாக, கருத்துப்போன மரச்சட்டம், ஓரத்தில் ஓடுகிற வாய்க்கால். அந்தக் காலத்தில் தகயாமா இருக்கிற இந்த ஹிடா நாடு ஏழை நாடு, அரசாங்கத்துக்கு வரி கட்ட வழியில்லாமல் வரிக்குப் பதிலாகத் தச்சர்களை அனுப்பியிருக்கிறார்கள், நாரா காலத்து (எட்டாம் நூற்றாண்டு) கோயில் வேலையெல்லாம் அவர்கள் கைதான். அது தெரிந்துகொண்டு அந்த வீடுகளின் மூலைப்பொருத்துகளைப் பார்த்தால் பார்வையே மாறிவிடும். அதைவிட எனக்குப் பிடித்தது தகயாமா ஜின்யா. 1692இல் ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) அரசு இந்தப் பகுதியை நேரடியாக எடுத்துக்கொண்ட பிறகு வந்த அரசு அலுவலகம், 1969 வரை அலுவலகமாகவே நடந்திருக்கிறது. வரி அரிசி அடுக்கி வைத்த கிட்டங்கி அப்படியே இருக்கிறது. விசாரணை செய்கிற அறையும் இருக்கிறது, குற்றவாளியை முட்டி போட வைக்கிற கட்டைகளோடு. மச்சான் அந்த அறையைவிட்டு வரவே மாட்டேன் என்றான்.

காலைச் சந்தை இரண்டு இடத்தில் நடக்கிறது, மியாகவா ஆற்றங்கரையில் ஒன்று, ஜின்யா வாசலில் ஒன்று. ஏழு மணிக்குத் தொடங்கி, குளிர்காலமானால் எட்டு மணிக்கு, மத்தியானத்துக்குள் சுருட்டிவிடுவார்கள். சிவப்பு டர்னிப் ஊறுகாய், மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), ஆப்பிள், காளான். பேரம் பேசுகிற பழக்கம் அங்கே இல்லை, அத்தைக்கு அது பெரிய குறை. ஊறுகாய்க்காரப் பாட்டி எல்லாவற்றிலும் ஒரு துண்டு வெட்டி ருசி பார்க்கக் கொடுத்தார், அதிலேயே அத்தை சமாதானமாகிவிட்டார்.

இப்போது சாப்பாடு. ஒன்றே ஒன்றுதான் சாப்பிட நேரம் இருக்கிறது என்றால் ஹோபா மிசோ சாப்பிடுங்கள். நாங்கள் தங்கிய சத்திரத்தில் காலைச் சாப்பாட்டுக்கே வந்தது. ஆளுக்கு ஒரு குட்டி மண்ணடுப்பு, அதன்மேல் கம்பிவலை, வலைமேல் உள்ளங்கையைவிடப் பெரிய காய்ந்த மக்னோலியா இலை, இலைமேல் மிசோவும் பொடியாக அரிந்த வெங்காயத்தாளும் காளானும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மிசோ ஓரத்திலிருந்து கொதிக்க ஆரம்பிக்கும், இலை விளிம்பு கருகும், அந்தப் புகைவாசம் மிசோவில் ஏறும். சாப்ஸ்டிக்கால் கிளறிக் கிளறி, அடியில் லேசாகப் பிடித்ததைச் சுரண்டி எடுத்து வெள்ளைச் சோற்றில் வைத்துச் சாப்பிட வேண்டியதுதான். கொஞ்சம் எடுத்தாலே போதும், உப்பு அதிகம். ஒரு இலைக்கு இரண்டு கிண்ணம் சோறு ஓடிவிடும். பனிக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த ஜனங்கள், கையில் இருந்ததை வைத்துக் கண்டுபிடித்த சாப்பாடு என்று பார்த்தாலே தெரிகிறது.

அடுத்தது தகயாமா ராமென். உள்ளூர்க்காரர்கள் 'சூகா சோபா' என்பார்கள். மெல்லிசான சுருட்டை நூடுல்ஸ், சோயா போட்ட தெளிவான சூப், மேலே பன்றிக்கறித் துண்டு. மற்ற ஊர்களில் சாஸைக் கிண்ணத்தில் ஊற்றி அதன்மேல் சூப்பை விடுவார்கள், இங்கே இரண்டையும் ஒன்றாகவே காய்ச்சுகிறார்கள். ஆயிரம் யென்னை ஒட்டி வரும். நம்ம சால்னா காரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், மேசையில் மிளகாய்த்தூள் இருக்கும், தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். தெருவில் விற்கிற மிதராஷி தாங்கோவும் விட்டுவிடாதீர்கள், அரிசி மாவு உருண்டையைக் குச்சியில் குத்திச் சோயா தடவிச் சுட்டது. மற்ற ஊர்களில் இது இனிப்பாக இருக்கும், தகயாமாவில் இனிப்பே இல்லை, விலையும் சில்லறைதான்.

ஹிடா மாட்டுக்கறி பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கிஃபுவில் குறைந்தது 14 மாதம் வளர்த்த 'வாக்யு' என்கிற ஜப்பானியக் கருப்பு மாடு, தரம் பார்த்துத்தான் அந்தப் பெயர் போடலாம். கறி நன்றாகத்தான் இருக்கிறது, நாக்கில் வைத்ததும் கொழுப்பு உருகும். ஆனால் பழைய தெருவில் நாங்கள் உட்கார்ந்த ஒரு கடையில் முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க வைத்து, உள்ளே போனதும் "ஒரு மணி நேரம்தான்" என்று சொல்லி, விரல் அகலத்தில் சில துண்டுகளை வைத்துவிட்டு, பில்லை மட்டும் பெரிதாகக் கொடுத்தார்கள். அதே கறியைத் தெருவோர ஜன்னலில் குச்சியில் சுட்டுக் கொடுக்கிறார்கள், அரிசி அப்பளம்மேல் வைத்து சூஷியாகவும் கொடுக்கிறார்கள். ருசி பார்க்க அது போதும். கடையை விட்டு நகராமல் அங்கேயே நின்று சாப்பிட்டுக் குச்சியையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள், தெருவில் குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது.

சைவக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அங்கே பிரச்சினை கறி இல்லை, மீன் சாறு. காய் வேகவைத்த தண்ணீர், சூப், நூடுல்ஸ் தொட்டுக்கொள்கிற சாறு, எல்லாவற்றிலும் காய்ந்த மீன் சீவலை ஊறவைத்த 'தாஷி' இருக்கும். தட்டில் ஒரு துண்டு மீன் தெரியாது. "என்ன மாப்ள, கத்திரிக்காய்னு சொன்னாங்க, கருவாட்டு வாடை வருதே" என்று முதல் நாளே அத்தை கண்டுபிடித்துவிட்டார். கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அவர்கள் தலையாட்டிவிட்டுத் தாஷி ஊற்றித்தான் கொண்டுவருவார்கள், அவர்கள் கணக்கில் அது அசைவமே இல்லை. மீன் சாறும் கூடாது, கடற்பாசிச் சாறு பரவாயில்லை என்று ஜப்பானிய மொழியில் அச்சடித்து ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள், அறை பதிவு செய்யும்போதே எழுதியும் விடுங்கள். கடையில் போய் நின்றுகொண்டு கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, காலையிலேயே சாறு வைத்திருப்பார்கள். முன்கூட்டிச் சொன்ன இடத்தில் அத்தைக்கென்று கடற்பாசியும் ஷீடாகே காளானும் போட்டுத் தனியாகச் செய்து கொடுத்தார்கள். புத்தமடங்களின் சமையலான 'ஷோஜின் ர்யோரி' கிடைத்தால் அதுதான் நமக்குப் பத்திரம், கறி மீன் மட்டுமில்லை, பூண்டு வெங்காயமும் கிடையாது. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவு சேர்த்துக் கிண்டிய எள் டோஃபு ஒன்று வைப்பார்கள், அத்தை அதை இரண்டாம் தடவை கேட்டார். மற்ற நேரங்களில் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும்தான் காப்பாற்றியது. வெள்ளைச் சோறு எங்கேயும் கிடைக்கும். ஆனால் சத்திரத்துச் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறக்காதீர்கள், அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிராகவாகோ. மதுரையில் நாங்கள் விசாரித்த ஒரு டிராவல்ஸில் இதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அப்படிப் போவதாக இருந்தால் போகவே வேண்டாம் என்பேன். தகயாமாவிலிருந்து பஸ்ஸில் 50 நிமிடம். பகலில் பஸ் பஸ்ஸாக ஆள் இறங்கிக்கொண்டே இருக்கிறது, எங்கே நின்றாலும் யாராவது ஒருவருடைய செல்ஃபியில் நீங்கள் இருப்பீர்கள். 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். ஆனால் அந்த வீடுகள் வேறு தினுசு. பனி தங்காமல் சரிவதற்காக 60 பாகை செங்குத்தாகப் புல் கூரை, கூரைச்சட்டத்தில் ஆணியே கிடையாது, கயிற்றுக் கட்டுதான். கூரைக்கடியில் இரண்டு மூன்று அடுக்குப் பரண், அங்கேதான் பட்டுப்புழு வளர்த்திருக்கிறார்கள். தரைக்கடியில் வெடியுப்பு தயாரித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. கூரை மாற்றுகிற நாளில் ஊரே கூடி வந்து வேலை பார்க்கும், கூலி கிடையாது, நாளைக்கு உன் வீட்டுக்கு நான் வருவேன் என்கிற கணக்கு.

அங்கே ஒரு ராத்திரி தங்குவதுதான் விஷயம். அந்தக் கூரைவீடுகளில் சில, குடும்பங்கள் நடத்துகிற 'மின்ஷுகு', அதாவது தங்கும் வீடு. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்குப் பத்தாயிரம் யென்னுக்கு மேலே ஆகும், மாதக்கணக்கில் முன்னால் பதிய வேண்டும், குளியலறை பொது, சுவர் மெல்லிசு, பக்கத்து அறைக் குறட்டை கேட்கும். சாப்பாடு ஆறு மணி என்றால் ஆறு மணிதான். உப்பு தடவிச் சுட்ட ஆற்றுமீன், மலைக்கீரை, மிசோ. கடைசி பஸ் போன பிறகு ஊரில் நடந்து பாருங்கள், வாய்க்கால் சத்தம் மட்டும்தான். நெருப்பு விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள், ஊர் முழுக்கப் புல் கூரை. தங்க இடம் கிடைக்காவிட்டால் அதே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற கோகயாமாவின் ஐனோகுரா கிராமத்தைப் பாருங்கள், வீடுகள் இருபது சொச்சம்தான், கூட்டம் குறைவு.

கிசோ பக்கம் எனக்கு இதைவிடப் பிடித்தது. எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவே மலை வழியாகப் போன நகசெண்டோ சாலை, 69 தங்கல் ஊர்கள், அதில் இரண்டுதான் மகோமேயும் த்சுமாகோவும். இரண்டுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர் மலைப்பாதை. மகோமேயிலிருந்து த்சுமாகோ பக்கம் நடந்தால் ஏற்றம் குறைவு. அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கைக்கு மூச்சுவாங்காமல் ஏறுகிறவர் யாரும் இதைச் செய்யலாம், அத்தையே நடந்தார். வழியில் கரடி விரட்ட மணி கட்டி வைத்திருக்கிறார்கள், மச்சான் ஒரு மணியையும் விடவில்லை. சீசனில் பெட்டியை ஒரு ஊர்த் தகவல் மையத்தில் கொடுத்தால் அடுத்த ஊரில் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு பழைய டீக்கடை வீடு, உள்ளூர்க்காரர்கள் இலவசமாக டீ கொடுக்கிறார்கள், உண்டியலில் நம் இஷ்டம். த்சுமாகோக்காரர்கள் 1971இலேயே வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். பெரிய தெருவில் கரண்டு கம்பி கண்ணில் படாது, பகலில் வண்டி வராது.

அங்கே சாப்பிட வேண்டியது சோபா. குளிர்ந்த மலைமண்ணில் விளைகிற பக்வீட் மாவு நூடுல்ஸ், மூங்கில் தட்டில் குளிரக் குளிர வைப்பார்கள், சாறில் பாதி முக்கி உறிஞ்ச வேண்டும், சத்தம் வந்தால் தப்பில்லை. முடிக்கிற நேரத்தில் ஒரு சிவப்புக் கூஜா வரும், நூடுல்ஸ் வெந்த தண்ணீர், மிச்சமிருக்கிற சாறில் ஊற்றிக் குடிக்க. நம்ம வடிகஞ்சி மாதிரியே வெதுவெதுப்பாக, லேசான மாவு மணத்தோடு. எனக்கு சோபாவைவிட அது பிடித்தது. இலையுதிர்காலத்தில் போனால் அந்தப் பக்கத்து நகரமான நகத்சுகவா கடைகளில் கூரி கின்டோன் கிடைக்கும், எலுமிச்சை அளவு இருக்கும், செஸ்நட்டும் சர்க்கரையும் மட்டும் போட்ட இனிப்பு.

எந்த மாதம் என்று கேட்டால் அக்டோபர் கடைசி, இலைகள் சிவக்கிற நேரம். தகயாமா வசந்தத் திருவிழா ஏப்ரல் 14, 15, பன்னிரண்டு தேர் வரும், ஆனால் அது நமக்குச் சித்திரைப் பிறப்பு, ஊரில் கொடியேற்றம் நெருங்குகிற சமயம் வேறு, என் வீட்டில் கிளம்ப ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இலையுதிர்காலத் தேர் அக்டோபர் 9, 10. இரண்டு திருவிழாவுக்கும் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

சின்னக் கடைகளில் கார்டு ஓடாது, ரொக்கம் வைத்திருங்கள். டிப்ஸ் வேண்டாம், மேசையில் காசை விட்டுவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள். வாசலில் துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்துவிட்டால் அவ்வளவுதான். சோபா கடைகளில் காலையில் பிசைந்த மாவு தீர்ந்தால் ஒன்றரை மணிக்கே திரையை எடுத்துவிடுவார்கள், அதனால் பதினொன்றரைக்குப் போய் வாசலில் இருக்கிற தாளில் பெயரை எழுதிவிட்டு நில்லுங்கள்.