செம்புப் பூச்சா, சிலிக்கோன் பூச்சா?

படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டினால் வேகம் குறையும், எரிபொருள் செலவு ஏறும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேள்வி, எதைப் பூசுவது என்பதுதான். நான் சிலிக்கோன் பூசியவன். ஆகவே இது நடுநிலையான அலசல் அல்ல.

விலையில் செம்புக்கே வெற்றி. பூசுவதும் எளிது. ஆனால் அது வேலை செய்யும் முறையே நஞ்சைக் கசியவிடுவதுதான். முன்பு படகுப் பூச்சுகளில் கோலோச்சிய டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்ம நஞ்சு லிட்டருக்குச் சில நானோகிராம் அளவிலேயே பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பை முளைக்க வைத்தது; பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே முடக்கியது. 2001இல் ஏற்கப்பட்ட சர்வதேச ஒப்பந்தம் 2008இல் நடைமுறைக்கு வந்து அதற்குத் தடை போட்டது. செம்பு அவ்வளவு கொடியதல்ல. ஆனாலும் நீரோட்டம் குறைந்த படகுத்துறைகளில் சேர்ந்துகொண்டே போய், சிப்பிகளின் இளம் உயிரிகளை உருக்குலைக்கிறது. செம்புக்குத் துணையாகச் சேர்க்கப்பட்டு, பாசிகளின் ஒளிச்சேர்க்கையைக் கெடுத்துவந்த சைபியூட்ரினும் 2023இல் தடைப் பட்டியலில் ஏறிவிட்டது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கரையும் வகைச் செம்புப் பூச்சை நீருக்கடியில் தேய்த்துப் பாருங்கள்: பூச்சின் நிறத்திலேயே ஒரு புகைமண்டலம் கிளம்பும். அத்தனையும் நஞ்சு, அத்தனையும் கடலுக்கு. கரையேற்றிச் சுரண்டினாலும் தொல்லைதான். தார்ப்பாய் விரித்து, முகக்கவசம் கட்டி, தூளைக் கூட்டி அள்ளி, நச்சுக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். ஓரிரு ஆண்டில் மறுபடியும் அதே வேலை. சிலிக்கோனில் எதுவும் இறுகப் பிடிப்பதில்லை. மெல்லிய துணியால் ஒரு முறை துடைத்தால் படிந்த வழவழப்பான பாசிப் படலம் கழன்றுவிடுகிறது, பூச்சு அப்படியே இருக்கிறது.

குறைகளும் உண்டு. படகைக் கரையேற்றத் தூக்கும் பட்டை உரசினாலே கீறல் விழும். பழைய செம்புப் பூச்சை முழுதாக அகற்றிய பிறகே பூசுவது நல்லது. சிலிக்கோன்மேல் வேறு பூச்சு ஒட்டாது என்பதால், மனம் மாறினால் செலவு இரட்டிப்பு. படகு ஓடினால்தான் ஒட்டியவை உதிரும். என் படகு அடிக்கடி ஓடுவது. மாதக்கணக்கில் கட்டியே கிடக்கும் படகுக்கு இதைத் துணிந்து பரிந்துரைக்க மாட்டேன்.

சிலிக்கோன் என்றாலே சுத்தம் என்றும் நம்பிவிட வேண்டாம். சிலவற்றிலிருந்து சிலிக்கோன் எண்ணெய் கசிகிறது. சிலவற்றில் உயிர்க்கொல்லியையே கலந்து விற்கிறார்கள். வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிடுங்கள்.