கல்யாண வீடியோ வேலைக்கு எந்த டிரைவ், எத்தனை டிபி? எட்டு வருட அனுபவம்

காரைக்குடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வருடத்துக்கு முப்பது கல்யாணம் போல வரும். 2017-இல் வாங்கிய கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு 1 டிபி (டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி) ஹார்டு டிஸ்க். விண்டோஸ், எடிட்டிங் சாப்ட்வேர், கல்யாணங்கள் எல்லாம் அதிலேயே. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தால்தான் திரை தயாராக இருக்கும்.

2018-இல் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைச் சேர்த்து விண்டோஸை அதற்கு மாற்றினேன். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிரைவ்; சாட்டா என்பது ஹார்டு டிஸ்குக்கும் பயன்படும் பழைய இணைப்பு முறை. இந்த எட்டு வருடத்தில் நான் செலவழித்ததிலேயே அதிகப் பலன் தந்த காசு அதுதான். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் முதலில் இதைச் செய்யலாம். ஆனால் அளவில் தவறு செய்துவிட்டேன். 240 என்று போட்டிருந்தாலும் விண்டோஸில் 223 தான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதில் சாப்ட்வேர்கள் போக, எடிட்டிங் செய்யும்போது உருவாகும் கேஷ் (தற்காலிக) கோப்புகள் மீதியைத் தின்றுவிட்டன. எஸ்எஸ்டி முழுக்க நிரம்பினால் வேகமும் குறையும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருப்பது நல்லது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கே இன்று 500 ஜிபிக்குக் கீழே வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

2021-இல் புதிய கம்ப்யூட்டர். இந்த முறை எம்.2 வகை. முதலில் வாங்கி வந்தது வேலையே செய்யவில்லை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும்தான், அதற்குள் சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ என்ற இணைப்பு முறையும் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. என் மதர்போர்டு என்விஎம்இயை மட்டும் எடுக்கும். நான் வாங்கியது சாட்டா. வாங்கும் முன் போர்டின் கையேட்டில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள். சில போர்டுகளில் எம்.2 சொருகினால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாமல் போகும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும்.

மாற்றி வாங்கிய 1 டிபி என்விஎம்இ, மூன்றாம் தலைமுறை. நொடிக்கு சாட்டாவின் 550 எம்பி எங்கே, இதன் 3500 எங்கே என்று எண்ணிக்கை பிரமிக்க வைக்கும். ஆனால் கம்ப்யூட்டர் திறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கேமராவின் மெமரி கார்டிலிருந்து காப்பி செய்யும்போதும் தெரியாது. என் கார்டே நொடிக்கு 90 எம்பிதான் தருகிறது, டிரைவ் அதற்காகக் காத்துக் கிடக்கிறது. எடிட்டிங்கில் இரண்டு மூன்று 4கே வீடியோக்களை ஒன்றாக ஓட்டும்போதும், பெரிய கோப்புகளை டிரைவுக்குள் நகர்த்தும்போதும்தான் பலன். ஏழாயிரம் ஸ்பீடு என்று கடையில் காட்டும் நான்காம் தலைமுறைக்கு என்னைப் போன்றவர்கள் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காசை அளவில் போடுங்கள்.

எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். என்னுடையதற்கு வாரண்டியில் சொன்ன எழுதும் அளவு 600 டிபி. நான்கு வருடம் கல்யாண சீசன் பாராமல் ஓட்டியும் டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாப்ட்வேரில் 58 டிபிதான் காட்டியது. ஆரோக்கியம் 90 சதவீதம். கணக்கும் தேடல்களுமாக வீட்டில் பயன்படுத்துபவருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது உள்ளே இருக்கும் சிப்பின் வகையைப் பற்றி. விலை குறைவு என்று ஒரு 1 டிபி கியூஎல்சி (சிப்பின் ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் வகை) எஸ்எஸ்டி வாங்கினேன், பழைய வேலைகளை மாற்றி வைக்க. முதல் 40 ஜிபி வரை நொடிக்கு 500 எம்பி வேகத்தில் பாய்ந்தது. அப்புறம் 80-க்கு விழுந்து அங்கேயே நின்றது. 340 ஜிபி கல்யாணம் ஒன்றை ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சாதாரண மேசை ஹார்டு டிஸ்க் அதை அரை மணியில் முடித்துவிடும். வைத்த கோப்புகளைத் திறந்து பார்ப்பதற்கு மட்டும் என்றால் கியூஎல்சி போதும். மொத்தமாக எழுதும் வேலைக்கு டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) என்று கேட்டு வாங்க வேண்டும்.

அளவுக் கணக்குக்கு வருகிறேன். என் கேமரா 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் பதிவு செய்கிறது, அதாவது மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமராவும் சேர்த்து ஆறு மணி நேரம் என்றால் 270. போட்டோக்கள் இன்னொரு 70. ஆக ஒரு கல்யாணத்துக்கு 340 ஜிபி. ஒரே நேரத்தில் மூன்று வேலை கையில் இருக்கும் என்பதால் எனக்கு 2 டிபி தேவை. 1 டிபியில் இரண்டோடு மூச்சு முட்டுகிறது. ஆல்பமும் வீடியோவும் கொடுத்து முடித்தபின் வைத்துக்கொள்வது 60 ஜிபி. வருடத்துக்கு 1.8 டிபி. இந்தச் சேமிப்புக்கு எஸ்எஸ்டி வேண்டாம், 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்தான் சரி. 4 டிபியில் இரண்டு வருடம் ஓடும்.

அதிலும் ஒன்று பார்க்க வேண்டும். எஸ்எம்ஆர் வகை டிஸ்கில், தகவல் எழுதப்படும் தடங்கள் நம்மூர் நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற, மேலே கிடப்பதையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா, அதே போல அழித்து எழுதும்போது அது திணறும். தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று தெரிந்து வாங்குவது நல்லது. கையடக்க ஹார்டு டிஸ்குகளில் பல எஸ்எம்ஆர் தான்.

அந்தக் கையடக்க டிஸ்கில்தான் எனக்கு அடி விழுந்தது. 2019 ஆவணியில், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் வயர் இழுபட்டு மேசையிலிருந்து விழுந்தது. மதுரையில் காட்டினேன், உள்ளே தட்டிலேயே கீறல், எதுவும் வராது என்றார்கள். அதில் இருந்தவை எல்லாம் கொடுத்து முடித்த வேலைகள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து ஒருவர் வந்தார். "தம்பி, எங்க அப்பச்சி சதாபிஷேகத்துல பேசுனது உங்ககிட்ட இருக்கும்ல? எங்க காப்பி கெட்டுப்போச்சு. இப்ப அவுக இல்ல." இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் எதுவும் கேட்காமல் எழுந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து எதுவும் ஒரே டிஸ்கில் இருப்பதில்லை. ஒரே அளவில் இரண்டு டிஸ்க் வாங்குகிறேன். ஒன்று ஸ்டூடியோவில், இன்னொன்று தேவகோட்டையில் அக்கா வீட்டு பீரோவில். ஹார்டு டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சத்தமோ தடுமாற்றமோ காட்டும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமலே போய்விடும், அதனால் வேலை நடக்கும்போதே அன்றன்றைக்கு நகல் எடுத்துவிடுகிறேன். இரண்டு நகல் சரிபார்க்கும் வரை மெமரி கார்டை அழிப்பதில்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதம் அக்கா வீட்டு டிஸ்குகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகச் சொருகி, நாலைந்து வீடியோவைத் திறந்து ஓட்டிப் பார்க்கிறேன். போன மார்கழியில் ஒன்றில் மோசமான செக்டார்கள் (கெட்டுப்போன பகுதிகள்) எட்டு காட்டியது. தை பிறக்கும் முன் அதை மாற்றிவிட்டேன்.