#என்/ஏ வந்தால் மறைக்காதீர்கள்: 2பி சரிபார்ப்பில் கற்றுக்கொண்டது

ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு வேலை எனக்கு. மாதாமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி, அதாவது சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல், வந்துவிடும். கடைக்காரர் கொடுத்த கொள்முதல் பில்களை அதோடு ஒப்பிட்டு 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக்கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். 2020இல் 2பி தொடங்கியதிலிருந்து இந்த வேலையை எக்செலில் விலுக்கப் (ஒரு பட்டியலில் தேடி, அந்த வரியின் தகவலை எடுத்துத் தரும் ஃபார்முலா) வைத்துத்தான் செய்கிறேன்.

ஆரம்பத்தில் ஷீட் முழுக்க #என்/ஏ (தேடியது கிடைக்கவில்லை என்ற பிழை) என்று நிற்பதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும். அதனால் எல்லா ஃபார்முலாவையும் இஃப்எரருக்குள் போட்டு, எந்தப் பிழை வந்தாலும் 0 காட்டச் சொல்லிவிட்டேன். ஷீட் சுத்தமாகத் தெரிந்தது. ஒரு மாதம், யாரோ 2பி ஷீட்டில் தேவையில்லை என்று ஒரு நெடுவரிசையை நீக்கியிருக்கிறார்கள். என் ஃபார்முலா 10ஆவது நெடுவரிசையைக் கேட்கிறது, அங்கே இருப்பதோ 9தான். எல்லா வரியிலும் #ரெஃப், அதாவது கேட்ட இடமே இல்லை என்ற பிழை. ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் 0. சப்ளையர்கள் யாருமே பில்லை ஏற்றவில்லை என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சண்டை பிடித்துவிட்டார். பாவம், அவர்கள் எல்லாரும் ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தார்கள்.

அன்றைக்கே இஃப்எரரை விட்டேன். இப்போது இஃப்என்ஏ மட்டும்தான். "தேடியது கிடைக்கவில்லை" என்ற ஒரே பிழையைத்தான் அது பிடிக்கும். #ரெஃப், #வேல்யூ எல்லாம் அப்படியே கண்ணில் படும். அதிலும் 0 போடுவதில்லை, "2பியில் இல்லை" என்று எழுத வைக்கிறேன். நம் புத்தகத்தில் இருக்கும் பில் அங்கே இல்லை என்பதுதானே எனக்குத் தெரிய வேண்டிய விஷயம்? 2022 ஜனவரியிலிருந்து 2பியில் வராத பில்லுக்கு வரிவரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. அதை மறைத்தால் பணம் போகும்.

சரி, "இல்லை" என்று வருவதெல்லாம் உண்மையிலேயே இல்லாதவையா என்றால், கிடையாது. பாதி நேரம் பில் நம்பர்தான் வில்லங்கம். சப்ளையர் 0045 என்று ஏற்றியிருப்பார், நம் பக்கம் அடிக்கும்போது எக்செல் முன்சைபர்களைத் தின்றுவிட்டு 45 ஆக்கியிருக்கும். பில் நம்பர் 5/12 என்றால் இன்னும் மோசம், அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். 2025இல் அடித்திருந்தால் டிசம்பர் 5 ஆகி, வேறு எதோடாவது சேர்க்கும்போது எக்செல் உள்ளே வைத்திருக்கும் தேதி எண்ணாக, 45996 என்று நிற்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் முழுக்கத் தேடியிருக்கிறேன். பில் நம்பர் அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்டாக மாற்றிவிடுவதுதான் நல்ல வழி.

தேடுவதற்கு சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணையும் பில் நம்பரையும் ஒட்டி ஒரு சாவி செய்துகொள்கிறேன். வெறும் பில் நம்பரை வைத்துத் தேடினால் இரண்டு சப்ளையரின் 45ஆம் பில்லும் ஒன்றாகிவிடும். ஒட்டும்போது இரண்டு பக்கமும் டெக்ஸ்ட் ஆகிவிடுவதால், ஒரு பக்கம் எண், மறுபக்கம் டெக்ஸ்ட் என்ற தொல்லையும் தீர்ந்தது. ஓரத்து இடைவெளிகளுக்கு டிரிம் ஃபார்முலா போதும். தளத்திலிருந்து ஒட்டிய டேட்டாவில் சில நேரம் கேர் 160 என்கிற வேறு வகை இடைவெளி வரும், டிரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிட்யூட் போட்டு நீக்க வேண்டும்.

மேல் வரிகள் சரியாக வந்து, கீழே போகப் போக "இல்லை" கூடினால் டேட்டாவைச் சந்தேகிக்காதீர்கள். ஃபார்முலாவில் தேடும் பகுதியை நிலைநிறுத்தும் டாலர் குறி விட்டுப்போய், அந்தப் பகுதி வரிக்கு வரி நழுவியிருக்கும். அப்புறம், விலுக்கப்பின் கடைசியில் ஃபால்ஸ் (சரியான பொருத்தம் மட்டும் வேண்டும் என்பது) போட மறந்தால் பிழையே வராமல் தவறான தொகை வந்து உட்காரும். எனக்கு #என்/ஏவைவிட இதுதான் பயம்.

விலுக்கப்புக்குப் பின் வந்த எக்ஸ்லுக்கப் இதையெல்லாம் எளிதாக்குகிறது. கிடைக்காவிட்டால் என்ன காட்ட வேண்டும் என்பதை அதற்குள்ளேயே சொல்லலாம், சரியான பொருத்தத்தைத்தான் இயல்பாகத் தேடும். ஆனால் எங்கள் ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டரில் எக்செல் 2016தான். அதில் எக்ஸ்லுக்கப் கிடையாது. பழசே ஓடுகிறது.

போன மாதம் சப்ளையர் பட்டியலில் ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: மாதாமாதம் தாக்கல் செய்பவரா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா என்று. இரண்டாவது வகைக்காரரின் பில் காலாண்டின் முதல் இரண்டு மாதம் வராமல் போகலாம். "2பியில் இல்லை" என்று வந்தாலும் அவர்களுக்கு இப்போது நான் போன் போடச் சொல்வதில்லை.